330 முதல் 348 வரை: ரோமானியச் செம்புக்காசு சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

கேள்வி இது: "ரோமானிய நாணயம் சேர்க்க ஆசை. சீசர், நீரோ, தங்கக் காசு என்று போனால் விலை எட்டவில்லை. அதிகம் பேர் கண்டுகொள்ளாத, ஆனால் வரலாற்றில் கனமான காசுகள் உண்டா? எங்கே தொடங்குவது, எதில் ஏமாறுவோம்?"

உண்டு. விலை குறைந்தவற்றில்தான் அதிகம் உண்டு. முதலில் ஒரு ஆலோசனை: பேரரசருக்கு ஒரு காசு என்று அகலமாகப் போகாதீர்கள். அப்படிச் சேர்த்தால் அறுபது முகங்கள் கிடைக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்காது. ஒரு குறுகிய காலத்தை எடுத்து அதற்குள் ஆழமாக இறங்குங்கள். பரிந்துரை கி.பி. 330 முதல் 348 வரை. பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் பெயரில் புதுத் தலைநகரம் (கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல்) திறந்து, இறந்து, அவர் மகன்கள் சொந்தக்காரர்களைக் கொன்று, பேரரசைப் பங்கு போட்டு, தங்களுக்குள்ளேயே சண்டையிட்ட பதினெட்டு ஆண்டுகள். அத்தனையும் ஒன்றரை, இரண்டரை கிராம் செம்புக்காசுகளில் பதிவாகியிருக்கிறது. எழுத்து தெளிவாக உள்ள ஒன்று வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் பத்து, இருபது டாலருக்குக் கிடைக்கும். கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை என்பதால்தான் இந்த விலை. முக்கியத்துவம் குறைவு என்பதால் அல்ல.

முதலில் வாங்க வேண்டியது 'குளோரியா எக்ஸர்சிடஸ்', அதாவது 'படையின் பெருமை' என்று பின்பக்கத்தில் எழுதிய காசு. இரண்டு வீரர்கள் ஈட்டியும் கேடயமுமாக எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் படைக்கொடிக் கம்பங்கள். அந்தக் கம்பங்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் 330 முதல் 335 வரை. ஒன்றே ஒன்று இருந்தால் 335-36க்குப் பின். கலைஞனின் விருப்பத்தால் வந்த மாற்றம் அல்ல இது. அதே சமயத்தில் காசின் எடை ஏறத்தாழ 2.5 கிராமிலிருந்து 1.5, 1.7 கிராமுக்கு இறங்கியது. விட்டமும் 17-18 மில்லிமீட்டரிலிருந்து 15-16க்குச் சுருங்கியது. எடை குறைந்த காசைப் பார்த்த உடனே அடையாளம் காண அக்கசாலைகள் (காசு அடிக்கும் அரசுப் பட்டறைகள்) ஒரு கம்பத்தை எடுத்துவிட்டன என்றே தோன்றுகிறது. இரண்டு காசுகளையும் அருகருகே வைத்தால் ஒரு பணவீக்கத்தைக் கையில் பிடித்த மாதிரி.

அடுத்து முன்பக்கத்து எழுத்து. பட்டம் மாறிய தேதிகள் நமக்குத் தெரியும் என்பதால் காசின் காலம் இன்னும் நெருங்கிவிடும். கான்ஸ்டன்டைனின் கடைசி மகன் கான்ஸ்டன்ஸ் 333 டிசம்பரில்தான் 'சீசர்' (துணைப் பேரரசர்) ஆனார். ஆகவே அவர் முகத்துடன் இரண்டு கம்பம் என்றால் 333 இறுதிக்கும் 335க்கும் இடைப்பட்டது. மூன்று மகன்களும் 337 செப்டம்பர் 9 அன்று 'அகஸ்டஸ்' (முழுப் பேரரசர்) ஆனார்கள். ஒற்றைக் கம்பக் காசில் கான்ஸ்டான்ஷியஸ் பெயருக்குப் பின் 'நோப் சி' (மேன்மைமிகு சீசர்) என்று இருந்தால் அந்தத் தேதிக்கு முந்தியது. 'ஆக்' என்று இருந்தால் பிந்தியது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுப் பழைய ஒரு பொருளை இரண்டாண்டு இடைவெளிக்குள் நிறுத்துகிறீர்கள். பெரிய வெள்ளிக் காசுகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது.

இங்கே புதியவர்கள் வழக்கமாக இடறும் இடம் பெயர். கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்டைன் இளையவர், கான்ஸ்டான்ஷியஸ், கான்ஸ்டன்ஸ் என்று தந்தையும் மகன்களும் ஒரே வேர்ச்சொல்லில் இருக்கிறார்கள். பெயர் பாதி தேய்ந்திருந்தால் முடிவை மட்டும் பாருங்கள். 'டி, ஐ, என், வி, எஸ்' என்று முடிந்தால் கான்ஸ்டன்டைன். 'என்' இல்லாமல் 'டி, ஐ, வி, எஸ்' என்றால் கான்ஸ்டான்ஷியஸ். ரோமானியர் 'யு' ஒலிக்கும் 'வி' வடிவத்தையே செதுக்கினார்கள் என்பது பழகினால் சரியாகிவிடும். தந்தைக்கு 'மேக்ஸ் ஆக்' வரும்; மகனுக்கு 'ஐ.வி.என். நோப் சி', அதாவது இளையவர். தலையில் மணி பதித்த நெற்றிப்பட்டம் இருந்தால் பெரும்பாலும் அகஸ்டஸ், இலைமாலை இருந்தால் பெரும்பாலும் சீசர். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கிழக்கு அக்கசாலைகளில் விதிவிலக்குகள் உண்டு.

பின்பக்கத்தில் உருவத்துக்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே நான்கைந்து எழுத்துகள். எங்கே அடிக்கப்பட்டது, அந்த அக்கசாலையின் எந்தப் பட்டறை என்பது அங்கே இருக்கிறது. 'எஸ்.எம்.ஏ.என்.' அந்தியோக்கியா, 'எஸ்.எம்.ஏ.எல்.' அலெக்சாந்திரியா, 'எஸ்.எம்.கே.' சிசிகஸ், 'எஸ்.எம்.என்.' நிக்கோமீடியா, 'டி.ஆர்.' டிரியர், 'பி.எல்.ஜி.' லியோன். கவனம் தேவைப்படுவது 'சி.ஓ.என்.எஸ்.டி.'. பார்த்ததும் கான்ஸ்டான்டிநோபிள் என்று எழுதிவிடுவார்கள், விற்பனையாளர்களும் எழுதுகிறார்கள். இது பிரான்சின் தெற்கில் உள்ள ஆர்ல் நகரம். 328 வாக்கில் அதற்குக் கான்ஸ்டான்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கடைசி 'டி' இல்லாமல் 'சி.ஓ.என்.எஸ்.' மட்டும் வரும். இன்னொரு சோதனை: ஆர்லில் பட்டறை எழுத்து முன்னால் நிற்கும் (பி, எஸ்), கான்ஸ்டான்டிநோபிளில் பின்னால் கிரேக்க எழுத்தாக நிற்கும் (ஆல்ஃபா, பீட்டா, காமா). இதைத் தெரிந்துகொண்டால் தவறாகப் பட்டியலிட்ட காசுகளை வாரம் ஒன்றாவது கண்டுபிடிப்பீர்கள்.

இந்த அடிப்படை கைவந்த பிறகு, தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டிய இரண்டு காசுகள்.

ஒன்று, இறந்த கான்ஸ்டன்டைனுக்கு 337க்குப் பின் கிழக்கில் அடித்தது. முன்பக்கம் முக்காடிட்ட தலை. எழுத்து 'டி.வி. கான்ஸ்டன்டைனஸ் பி.டி. ஆக்ஜி': தெய்வமான கான்ஸ்டன்டைன், அகஸ்டஸ்களின் தந்தை. பின்பக்கம் நான்கு குதிரை பூட்டிய தேர் மேலே ஏறுகிறது. தேரில் இருப்பவர் கை நீட்டுகிறார். மேலிருந்து இன்னொரு கை அவரைப் பிடிக்க இறங்கி வருகிறது. இறந்த பேரரசரைத் தெய்வமாக்குவது பழைய ரோமச் சடங்கு. மேலிருந்து வரும் கை கிறிஸ்தவர்களின் கடவுளுடையது. இரண்டும் 15 மில்லிமீட்டருக்குள் ஒன்றாக இருக்கின்றன. அக்காலத்துப் பேராயர் யூசேபியஸ், கான்ஸ்டன்டைன் வரலாற்றில் இந்தக் காசையே, முக்காடும் தேரும் நீட்டிய கையுமாக விவரிக்கிறார். கண்ணால் கண்டவர் எழுதி வைத்த ஒரு காசை இந்த விலைக்கு வாங்க முடிவது அபூர்வம். வாங்கும்போது கையைப் பாருங்கள். அது தகட்டின் மேல் ஓரத்தில் இருப்பதால், சற்றுத் தள்ளி அடித்த காசுகளில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். முகம் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் கை முழுசாக உள்ள காசே மேல்.

இரண்டு, தியோடோரா. கான்ஸ்டன்டைனின் தந்தை அவருடைய தாய் ஹெலெனாவை விட்டு மணந்த பெண். 337 கோடையில் கான்ஸ்டான்டிநோபிளில் படைவீரர்கள் கொன்றது இந்தத் தியோடோராவின் மகன்களையும் பேரன்களையும்தான். சீசராக இருந்த டால்மேஷியஸ் அதில் செத்தார். சிறுவர்களான காலஸும் ஜூலியனும் தப்பினார்கள். அது நடந்த கொஞ்ச நாளிலேயே, எப்போதோ இறந்துபோன தியோடோராவுக்கும் ஹெலெனாவுக்கும் ஒரே சமயத்தில் காசு வருகிறது. ஹெலெனாவுக்கு 'பாக்ஸ் பப்ளிகா', பொது அமைதி. தியோடோராவுக்கு 'பியெடாஸ் ரோமானா', குழந்தையை மார்போடு அணைத்த ஒரு பெண். நிறைய டிரியரில் அடித்தவை. டிரியர் மூத்த மகன் கான்ஸ்டன்டைன் இளையவர் கையில் இருந்தது. கொலைக்குத் தம்பி கான்ஸ்டான்ஷியஸைக் குறை சொல்லும் காசு என்று படிப்பவர்கள் உண்டு. குடும்பத்தைச் சமாதானப்படுத்தும் முயற்சி என்பவர்களும் உண்டு. முதல் வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது.

இதில் கூர்ந்து பார்க்க ஓர் இடம்: பெயரின் முடிவு. 'தியோடோரா' என்று இல்லை, 'தியோடோரே' என்று 'ஏ', 'இ' இரண்டும் சேர்ந்து முடிகிறது. ஹெலெனாவும் அப்படியே. நம் நான்காம் வேற்றுமை அது: தியோடோராவுக்கு, ஹெலெனாவுக்கு. ஹெலெனா உயிரோடிருந்தபோது அடித்த காசில் பெயர் எழுவாயாக, 'ஹெலெனா' என்றே நிற்கிறது. ஆக ஓர் எழுத்தை வைத்தே இது நினைவுக் காசு என்று தெரியும். அந்த இரண்டு எழுத்து தேய்ந்து போயிருந்தால் வாங்க வேண்டாம்.

330க்கு முந்திப் போக விரும்பினால் இரண்டு வழி சொல்லலாம். மார்க் ஆண்டனி ஆக்டியம் போருக்கு முன், கி.மு. 32-31இல், படையணி எண் போட்டு அடித்த வெள்ளி டெனாரியஸ்: ஒரு பக்கம் போர்க்கப்பல், மறு பக்கம் கழுகுக்கொடி, கீழே படையணி எண். வெள்ளி மட்டமாக இருந்ததால் யாரும் உருக்காமல், இருநூறு ஆண்டுக்கு மேல் கைமாறிக்கொண்டே இருந்தது. அதனால் தேய்ந்தவை ஏராளம். எண் படிக்க முடிகிறதா என்பதே விலையைத் தீர்மானிக்கும். மற்றது அந்தியோக்கியாவில் 270-272இல் வந்தது. ஒரு பக்கம் பேரரசர் ஆரேலியன், மறு பக்கம் சிரியாவின் பல்மைரா நகர அரசி ஜெனோபியாவின் மகன் வபலாத்தஸ். யார் பெரியவர்? ஆரேலியன் மார்புக்குக் கீழே பட்டறை எழுத்து இருக்கிறது. வழக்கமாக அந்த எழுத்து பின்பக்கத்தில்தான் இருக்கும். அப்படியானால் அக்கசாலைக்கு முன்பக்கம் வபலாத்தஸ்! பல்மைரா வெளிப்படையாகக் கலகம் செய்வதற்கு முன்பே ஓர் எழுத்தின் இடத்தில் அது தெரிந்துவிடுகிறது.

இனி சோதிக்கும் முறை. 0.01 கிராம் காட்டும் மின்தராசு, விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் வெர்னியர் அளவி (உலோகம் கீறும்), 10 மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் சாய்க்கக்கூடிய ஒரு விளக்கு. இவ்வளவு போதும். தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் படிக்க முயலாதீர்கள். விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, காசை மெல்லச் சுற்றினால் ஒவ்வொரு எழுத்தாக நிழல் எழும்.

எடை குறைந்தால் போலி என்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்து அடிக்கவில்லை. ஒரு பவுண்டு உலோகத்துக்கு இத்தனை என்ற கணக்கு. 1.5 கிராம் வகையில் ஒரு கிராமும் வரும், இரண்டு கிராமும் வரும். போலியைக் காட்டிக்கொடுப்பது வேறு. வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு இருக்கும் அல்லது அதை அரம் போட்டு அழித்த தடம் இருக்கும். பரப்பில் குமிழிப் பள்ளங்கள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் சோப்பில் வெட்டியது போல் மழுங்கியிருக்கும். அடித்த காசில் எழுத்துகளின் வெளி ஓரத்தில் உலோகம் விளிம்பை நோக்கி இழுபட்ட கோடுகள் தெரியும். ஒரே பள்ளம், ஒரே வெடிப்பு இரண்டு காசுகளில் இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. காந்தம் இழுத்தால் கேள்வியே இல்லை. பழுப்பு மண் ஒட்டிய 'பாலைவனப் பூச்சு' சந்தேகமாக இருந்தால் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் ஒற்றுங்கள். பசை போட்டு ஒட்டிய மண் கரையும்; இயற்கையாகப் படிந்தது அசையாது. எழுத்து உளறலாக, உருவம் குழந்தை வரைந்தது போல இருந்தால் அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். சில்லறைத் தட்டுப்பாட்டில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டிலும் பிரிட்டனிலும் உள்ளூர்க்காரர்கள் அந்தக் காலத்திலேயே அடித்த நகல்கள் ஏராளம். அவை வேறொரு வரலாறு.

சுத்தம் செய்வதில்தான் அதிகக் காசுகள் நம் வீடுகளில் பாழாகின்றன. புளி, எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ், கம்பித் தூரிகை எதுவும் கூடாது. குத்துவிளக்குக்குப் புளி சரி. அதில் போவது நேற்றைய களிம்பு. காசில் போவது 1,700 ஆண்டில் உருவான மேல்தோல், எழுத்தின் கூர்மை முழுதும் அந்தத் தோலில் இருக்கிறது. கீழே உள்ள உலோகம் பள்ளம் விழுந்து சிவந்து நிற்கும். சில காசுகளின் பள்ளங்களில் மிஞ்சியிருந்த மெல்லிய வெள்ளிப்பூச்சும் போய்விடும். செய்யக்கூடியது: காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு இரண்டு நாளுக்கு ஒரு முறை நீர் மாற்றுவது, லென்ஸுக்குக் கீழே மரப் பல்குச்சியால் மண்ணை நெம்புவது. வாரக்கணக்கில் ஆகலாம். குழாய் நீர் வேண்டாம். அதில் குளோரின் இருக்கிறது.

குளோரின் ஏன் ஆகாது என்றால், செம்புக்காசின் உயிர்க்கொல்லி குளோரைடு. மண்ணிலிருந்து உள்ளே புகுந்த குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிச் செம்பைத் தின்னும். தின்று மீண்டும் குளோரைடாகும். சங்கிலி நிற்காது. அடையாளம்: வெளிறிய பச்சையில் மாவு போன்ற புள்ளி. குச்சியால் குத்தினால் உதிரும், துடைத்தாலும் சில நாளில் திரும்ப வரும். கெட்டியாக, வழுவழுப்பாக உள்ள கரும்பச்சை நோய் அல்ல, அதைத் தொட வேண்டாம். நோய் கண்ட காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். மாவைக் குச்சியால் எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சமையல் சோடா 19 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 24 கிராம் கரைத்து அதில் ஊறவையுங்கள். படிகமாக விற்கும் சலவைச் சோடா என்றால் அதில் நீர் இருப்பதால் 65 கிராம் வேண்டும். வாரம் ஒரு முறை கரைசலை மாற்றி, சில வாரங்கள். நிறம் சற்று மாறக்கூடும் என்பதால் நோய் இல்லாத காசை இதில் போடாதீர்கள். பிறகு வடித்த நீரில் பல தடவை அலசி, அசிட்டோனில் முக்கி எடுத்து முழுக்க உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லியதாகப் பூசுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றே பகை. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பத மானி. 40 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடலாம். காசை வைக்கும் உறை மைலாராக (ஒரு வகைப் பாலியெஸ்டர் தாள்) இருக்கட்டும். வளைந்து கொடுக்கும் மலிவான பி.வி.சி. உறை சில ஆண்டில் பச்சை நிறப் பசையாகக் கசிந்து காசை அரிக்கும்.

எங்கே வாங்கக் கூடாது என்பதும் முக்கியம். 'கழுவாத காசு, நூறு ஒரு மூட்டை' என்று வருபவற்றை விட்டுவிடுங்கள். நல்லவற்றை எடுத்துவிட்ட மிச்சம்தான் அதில் பெரும்பாலும். இடையில் வார்த்த போலிகளைக் கலப்பதும் உண்டு. அதைவிட, அவற்றில் பெரும்பகுதி யாரோ இரவில் ஒரு தொல்லியல் மேட்டைக் கிளறி எடுத்தது. பழைய சேகரிப்புச் சீட்டோடு, ஏலப் பட்டியல் எண்ணோடு வரும் காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். அந்தச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் ஓ.சி.ஆர்.இ. என்ற இலவச இணையப் பட்டியலில் எழுத்தையும் அக்கசாலையையும் கொடுத்துத் தேடி, ஆர்.ஐ.சி. எண்ணை (ரோமானியப் பேரரசுக் காசுகளுக்கான பொதுப் பட்டியலின் எண்) நீங்களே கண்டுபிடித்து, விற்பவர் சொன்னதோடு ஒப்பிடுங்கள்.

சட்டம் சுருக்கமாக. இந்தியாவில் நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தரச்சான்றுக்காக அமெரிக்க நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். பலர் இதை யோசிப்பதில்லை. விற்பவருக்கு உரிமம் வேண்டும், கேளுங்கள். மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

இதை வெறும் சட்டச் சிக்கலாகப் பார்க்க வேண்டாம். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், மதுரைப் பக்கத்திலும், இலங்கையிலும் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செம்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் வெளிப்பட்ட 501 தங்கக் காசுகள் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. ஆற்று மணலில் வந்த ஒரு கிராம் செம்பை யாரும் சீந்துவதில்லை. ஆனால் தங்கம் வணிகத்துக்கு வந்தது என்று எளிதில் விளங்கும். சில்லறைச் செம்பு ஏன் இவ்வளவு தூரம் வந்தது, இங்கே அதைக் கொண்டு எதை வாங்கினார்கள் என்பதுதான் கடினமான கேள்வி. அதற்குப் பதில் காசில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. 'கரூர்க் காசு' என்று யாராவது கை நிறையக் கொண்டுவந்தால், வாங்குவதை விட ஆற்றின் எந்தத் துறையில், எவ்வளவு ஆழத்தில், கூட என்ன இருந்தது என்று கேட்டு எழுதி, மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாங்கிய அன்றே ஒவ்வொரு காசுக்கும் அமிலமில்லாத தாளில் ஒரு சீட்டு: பேரரசர், பட்டம், பின்பக்க எழுத்து, அக்கசாலை, பட்டறை, ஆர்.ஐ.சி. எண், எடை, விட்டம், அச்சுத் திசை, யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலை. அச்சுத் திசை என்பது, தலை நேராக இருக்கும்படி காசைப் பிடித்து, புத்தகத் தாளைப் போலப் பக்கவாட்டில் திருப்பினால், பின்பக்கத்து உச்சி கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது என்பது. இந்தக் காலத்துக் காசுகளில் பெரும்பாலும் 12 அல்லது 6 வரும். பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் பரவும்.